அடைப்பு எடுத்த சனிக்கிழமை

தண்ணீர் இறங்குகிறது, ஆனால் யோசித்து யோசித்து இறங்குகிறது. வாளியைச் சாய்த்து வேகமாக ஊற்றினால் கக்கூஸ் பேசினின் விளிம்பு வரைக்கும் ஏறி வந்து அப்படியே நிற்கிறது. நான் கால் விரல்களைச் சுருக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறேன், இப்போது வழியும், இப்போது வழியும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளே எங்கோ ஒரு குமிழ் உடைகிற சத்தம், அப்புறம் மனசே இல்லாமல் மெல்லக் கீழே போகிறது. ஒரு வாரமாக இதே கதை. சோப்புத்தூள் கலந்து வெந்நீர் ஊற்றினேன், ஆசிட் ஊற்றிக் கண் எரிய ஓடி வந்தேன், கடையில் ரப்பர் பம்ப் வாங்கி வந்து கை வலிக்கிற வரைக்கும் அமுக்கினேன். அமுக்கும்போது நன்றாகப் போவது போல் இருக்கும், மறுநாள் காலையில் பழையபடி. மாமனார் கட்டின வீடு. கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று கிணற்றைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் கட்டி வைத்தார், மழையென்றால் குடையோடு போக வேண்டும், குழாயெல்லாம் அந்தக் காலத்துச் சுட்ட மண் குழாய், மேலே வேப்பமரம். போன மாதம் லில்லி மைனி வந்து இருந்தாள், என் வீட்டுக்காரருடைய அக்கா, அவள்தான் எதையாவது உள்ளே போட்டிருப்பாள், அவளுக்கு எதையும் தாளில் சுற்றி வெளியே போடுகிற பழக்கமே கிடையாது, கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கேட்கவும் முடியாது. முன்னறையில் அவர் பாடுகிறார். நாளைக்குச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, ஆராதனையில் தனியாக ஒரு கீர்த்தனை பாடப் போகிறார், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்க்கிறார், மேலே போகிற இடத்தில் நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து எடுக்கிறார். அந்தக் குரல் கிணற்றடி வரைக்கும் வருகிறது. எனக்குக் கையெல்லாம் நாற்றம், ஆனாலும் அந்தக் குரல் கேட்கும்போது வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்கத் தோன்றுகிறது. எத்தனை காலம் கேட்காமல் இருந்த குரல்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தங்கதுரை சார் என்றால் ஊரே எழுந்து நிற்கும். ஒரு நாள் மத்தியானம் வகுப்பில் போர்டில் ஒரு வரி எழுதினாராம், அதே வரியைக் கீழே எழுதினாராம், அப்புறம் அதற்குக் கீழே, போர்டு நிறைந்ததும் சுவரில். பிள்ளைகள் முதலில் சிரித்தார்களாம், அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை. மணப்பாடு கடலில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவரை வலைக்காரர்கள் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து என்னைக் கூப்பிட்டு, இல்லை, போன் நனைந்து போயிருந்தது, அவரே நம்பரைச் சொன்னாராம், சுத்தமாக, ஒரு இலக்கம் தப்பாமல். அந்த நம்பர் என்னுடையது. அதை நினைத்துத்தான் நான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறேன், எல்லாம் கலைந்து போன மண்டையில் என் நம்பர் மட்டும் கலையாமல் இருந்தது என்று. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் மாத்திரை. மாத்திரை போட்டதும் பேச்சு நின்றது, பயம் நின்றது, பாட்டும் நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், வாயோரம் எச்சில் வழியும், துடைத்து விடுவேன், விட்டத்தைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பார். சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை அட்டையை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க எனக்குப் பயம், மொத்தமாக எடுத்து முழுங்கிவிட்டால், அதனால் பீரோவில் பூட்டி வைத்து ராத்திரிக்கு ஒன்று மட்டும் கத்தரியால் வெட்டிக் கொடுப்பேன். மூலை கூர்மையாக இருந்தால் விரலைக் கீறும் என்று நாலு பக்கமும் வளைத்து வெட்டுவேன். வாங்கிக்கொண்டு, பல் தேய்த்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று கொல்லைப் பக்கம் போவார். அப்புறம் ஒரு நாள், இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முனகல், என்ன என்று சேலையை விலக்கிப் பார்த்தால் பாடிக்கொண்டிருக்கிறார். அந்த ஈரச் சேலையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். மருந்து உடம்பில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டது. அப்படித்தான் நினைத்தேன்.

இன்றைக்கு இதை விடுவதில்லை. ஆளைக் கூப்பிடலாம், ஆனால் இன்னொரு மனுஷனைக் கூப்பிட்டு எங்கள் குழியில் கையை விடச் சொல்ல எனக்கு வாய் வராது, நம்முடையதை நாம் எடுப்போம். எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். குளிக்கிற அறைத் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, அது வேறு வழி. டேங்க் நிரம்பியிருக்குமோ என்றால் மழைக்கு முன்னால்தான் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. காற்றுக் குழாயில் குருவி கூடு கட்டினாலும் தண்ணீர் இப்படித் திணறும் என்று சின்ன வயதில் எங்கள் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன், ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், குழாய் வாய் சுத்தமாக இருந்தது, உள்ளே இருட்டு, அவ்வளவுதான். மேலே நின்றபோது அவர் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்டது. பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, சார் குரல் திரும்பி வந்துட்டுல்லா என்றாள். ஆமா என்றேன், எனக்கே பெருமையாக இருந்தது. இறங்கி வந்து, குழாய் வந்து விழுகிற சேம்பர் தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன். மூக்கைக் காந்துகிற ஒரு வாடை, இரண்டு கரப்பான் ஓடின, தள்ளி நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தால் உள்ளே தேக்கமே இல்லை, அடியில் ஈரம்தான். அப்படியென்றால் பேசினுக்கும் சேம்பருக்கும் நடுவில்தான், ரெண்டு எட்டு தூரத்துக்குள்தான். வேப்பமரத்து வேராக இருக்கும், குழாய் இணைப்பில் சந்து கிடைத்தால் வேர் உள்ளே புகுந்துவிடும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, மூங்கில் பிளாச்சை எடுத்துச் சேம்பர் பக்கமிருந்து மேலே விட்டேன். கொஞ்ச தூரம் போய் மெத்தென்று முட்டியது. கல்லில்லை, மண்ணில்லை. பிளாச்சு நுனியில் கம்பிக் கொக்கி கட்டித் திருகினேன், இழுத்தேன், வரவில்லை, திருகினேன். மனுஷத் தலைமுடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. ஒரு இழுப்பில் மொத்தமாகக் கையோடு வந்தது, பின்னாலேயே தேங்கிக் கிடந்த தண்ணீர் எல்லாம் கடகடவென்று கொட்டிச் சேம்பரைத் தாண்டி ஓடியது. எனக்குச் சந்தோஷம். அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷம், அவரைக் கூப்பிட்டுக் காட்ட வாயைத் திறந்தேன்.

வேர்தான். தேங்காய் நார் மாதிரிப் பின்னிக் கிடந்த சல்லி வேர். அதற்குள் பளபளவென்று என்னவோ. மீன் செதில் என்று நினைத்தேன், கக்கூஸில் ஏது மீன் செதில், மிட்டாய்த் தாளாக இருக்கும், லில்லி மைனியின் தலைவலி மாத்திரையாக இருக்கும். குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினேன். கறுப்பு போய் வெள்ளி வந்தது. ஒன்று, அதன் முதுகில் இன்னொன்று, அதன் இடுக்கில் இன்னொன்று, வேர் ஒவ்வொன்றையும் விரல் மாதிரிப் பிடித்து வைத்திருந்தது. சிலதில் தாள் கிழிந்து உள்ளே கூழாகியிருந்தது, சிலது பிரிக்கவே இல்லை, குமிழுக்குள் மாத்திரை மங்கலாகத் தெரிந்தது. இல்லை என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். யாருக்கும் மாத்திரை இருக்கும், எல்லா வீட்டிலும் மாத்திரை இருக்கும், மைனிக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் நாலு மூலையும் வளைத்து வெட்டியிருந்தது. உலகத்தில் வேறு யார் மாத்திரை அட்டையின் மூலையை வளைத்து வெட்டுவார்கள். என் கத்தரி, என் கை. எவ்வளவு இருந்தன என்று எண்ணவில்லை, எண்ண மாட்டேன், ஒன்றுக்கு மேல் எல்லாம் ஒன்றுதான். முன்னறையில் பாட்டு மேலே ஏறி அந்த இடத்தைத் தாண்டிவிட்டது, இந்தத் தடவை பிசிறில்லாமல் தாண்டிவிட்டது. மருந்து பிடித்துக்கொண்டது என்று நினைத்தேனே. சேலைக்குள் அழுதேனே. ஈஸ்டர் கழிந்த வாரம் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன், அவர் சுகமாகிவிட்டார், கர்த்தர் அந்த மாத்திரையையும் ஆசீர்வதித்தார் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், சிலபேர் கண்ணைத் துடைத்தார்கள், அவர் வாசல் பக்கத்தில் என்னைக் கூட்டிப்போக வந்து நின்றவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கித் தந்தார். பூ வாங்கித் தந்தார். இவர் நல்லாயிருந்தது மாத்திரை இல்லாமலா? அப்படியென்றால் அது நல்லாயிருந்ததா, இல்லை மறுபடி அது வருவதற்கு முந்தினதா? அந்த வருஷமும் போர்டில் எழுதுவதற்கு முன்னால் பாடிக்கொண்டுதான் இருந்தார், சமைக்கும்போது பின்னால் வந்து நின்று பாடினார், நான்தான் அடுப்பு எரியுது தள்ளுங்க என்றேன். இப்போது விடியும் முன்னால் எழுந்திருக்கிறார். நேற்று நான் முழித்தபோது படுக்கையில் இல்லை, கிணற்றடியில் நின்றார், காற்று நல்லாயிருக்கு என்றார். காற்று நல்லாத்தான் இருந்தது. கிணற்றடியில் நின்றார்.

ஷைனியைத்தான் கூப்பிட்டேன். எதுவென்றாலும் அவளைத்தானே கூப்பிடுவேன், என் பிள்ளை, சென்னையில் வேலை, அவர் கடலில் நின்ற அன்றைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவள். பையைக் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனை எடுத்தேன், ஆனாலும் கை நாறியது. அப்பா மாத்திரை போடலை பிள்ளை, எல்லாத்தையும் கக்கூஸுக்குள்ள போட்டிருக்காங்க என்றேன். ஐயோ என்பாள், எப்போதிருந்து என்பாள், இன்றைக்கே கிளம்பி வாரேன் என்பாள் என்று காதைப் போனில் அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை, அவள் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. ஷைனி என்றேன். அம்மா, என்றாள். அந்த அம்மாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்படுகிறவர்கள் அப்படி அம்மா என்று சொல்ல மாட்டார்கள்.

“உனக்குத் தெரியுமா?”

“பொங்கலுக்கு வந்தப்ப அப்பா சொன்னாங்கம்மா. அம்மாட்ட சொல்லாத, பயந்துருவான்னாங்க. அப்பா நல்லாத்தானம்மா இருக்காங்க, எங்கூட ஒரு மணி நேரம் உக்காந்து பேசுனாங்க. அப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு.”

அவள் இன்னும் என்னவோ சொன்னாள், டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று தானும் சொன்னதாகவும், கேட்கிறேன் என்று அப்பா சொன்னதாகவும், அப்புறம் அதைத் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை என்றும் சொன்னாள், அழுதாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மடிக்குள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு வந்தாள். பொங்கலன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு ராத்திரியும் நான் மூலையை வளைத்து வெட்டிக் கொடுத்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார், அவள் என்னிடம் தலை பின்னி விடச் சொன்னாள். பின்னி விட்டேன். ரெண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் காவல்காரி. காவல்காரிக்கு யார் சொல்வார்கள், அவளுக்குத் தெரியாமல்தானே எதையும் செய்ய வேண்டும். நான் எப்போது அப்படி ஆனேன்? பீரோ சாவியை இடுப்பில் சொருகினபோதா? யாரும் சொருகச் சொல்லவில்லை, ஆனால் யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

சேம்பரை மூடவில்லை. அந்த வேர்ப்பந்தை ஒரு பழைய முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். கோபமாகப் போக வேண்டும் என்றுதான் போனேன், கதவருகே போனதும் கால் நின்றுவிட்டது, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார், கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, நடுங்கவில்லை. மாத்திரை போடுகிற காலத்தில் அந்தக் கை எப்படி நடுங்கும், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தும். வாடை அடித்திருக்கும், கண்ணைத் திறந்தார். முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது என்ன என்று கேட்பார் என்று ஒரு நம்பிக்கை எனக்கு, கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அது சுலபம். அவர் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். ஏன் பிரிக்காமலே போட்டீங்க என்றுதான் முதலில் கேட்டேன், கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்க, அந்த ஒன்று வாயில் வந்தது.

“பிரிச்சா முழுங்கணும்னு தோணிரும் ரூபி. உன் முகம் வந்துரும். அதான் அப்படியே போட்டேன்.”

நான் சாட்சி சொன்னேனே, கேட்டுக்கொண்டு நின்றீர்களே என்றேன். ஆமா என்றார். தடுத்திருக்கலாமே என்றேன். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், என்றார், எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார், மெதுவாக, வகுப்பில் புரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அதைப் போட்டால் எல்லாம் தெரியுமாம், நான் எச்சில் துடைப்பது தெரியுமாம், நான் அழுவது தெரியுமாம், ஆனால் ஒன்றும் தோன்றாதாம். உன்னைப் பார்த்தாலும் தோன்றாது, ஷைனியைப் பார்த்தாலும் தோன்றாது. கடலில் நின்றபோதாவது எனக்குப் பயம் இருந்தது என்றார். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

“சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். பொய் சொல்ல வரவில்லை எனக்கு. ஆனால் அது ஒரு பதிலா? நான் விடமாட்டேன் என்பதற்காக என்னை இத்தனை ராத்திரி ஏமாற்றலாமா? மூலையை வளைத்து வெட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், அவள் கையிலிருந்து வாங்கி, அவள் கண் முன்னால் நடந்து போய், அதை எங்கே போடலாம் என்று தோன்றிய இடம் அதுதானா? இதையெல்லாம் கேட்கவில்லை. காலையில சீக்கிரம் எந்திரிக்கீங்க, தூக்கம் வருதா என்று கேட்டேன். வருகிறது என்றார். டாக்டர் கேட்பது மாதிரி, காதுக்குள் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்றேன். இல்லை என்றார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தியெல்லாம் இவர் சொன்னால் நம்புவேன், இல்லை என்றால் இல்லைதான். இப்போது அந்த ‘இல்லை’ காதில் விழுந்து உள்ளே போக இடமில்லாமல் நிற்கிறது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், நீ நம்பலை, என்னா? என்றார். நம்பலை என்றேன்.

டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டேன். டாக்டரே எடுத்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை, இவ்வளவு நாள் விட்டதைத் திடீரென்று பழைய அளவில் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகக் கூட்டிவாருங்கள், அதுவரைக்கும் தனியாக விடாதீர்கள், தூக்கத்தைக் கவனியுங்கள், பேச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே வாருங்கள் என்றார். வேறு மருந்து இருக்கிறதா, கை நடுங்காத மாதிரி, பாட்டை நிறுத்தாத மாதிரி என்று கேட்டேன். இருக்கிறது, பார்க்கலாம், அவரே வந்து சொல்ல வேண்டும் என்றார். அவரே வந்து சொல்ல வேண்டுமாம். முன்னாலேயே சொல்லியிருந்தால் முன்னாலேயே பார்த்திருக்கலாம், அவ்வளவுதான், இவ்வளவு சின்ன விஷயம், ஒரு வாய் வார்த்தை. போனை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, எழுந்து நின்று பேசினார், தலைமையாசிரியரிடம் பேசுவது மாதிரி. ஆமா டாக்டர், நாந்தான், அவளுக்குத் தெரியாது என்றார். அவளுக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நாளைக்குப் பாடலாமா என்று கேட்டார், பாடலாம் என்று டாக்டர் சொன்னார் போலிருக்கிறது, முகம் ஒரு நொடி மலர்ந்தது, என்னைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார். அடக்கியிருக்க வேண்டாம். எனக்கும்தான் அவர் பாட வேண்டும். அதை நான் சொல்லவில்லை, இன்றைக்கு என் வாயிலிருந்து அது வராது.

முறத்திலிருந்ததைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சேம்பரை மூடி, பேசினில் வாளி வாளியாக ஊற்றினேன், வாயைத் திறந்து காத்திருந்த மாதிரிச் சட்டென்று போனது. அவர் வந்து கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தந்தார், வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, வாங்கும்போது முகத்தைப் பார்க்கவும் இல்லை. ரெண்டு தரம் குளித்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் இட்லி ஊற்றினேன், சட்னி அரைத்தேன், கை தன்பாட்டுக்கு எல்லாம் செய்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். ஷைனி போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் பிட்டு வாயில் வைத்தார், மென்றார். நான் என் தட்டைப் பார்க்கவில்லை என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குமிழ் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று. அவர் மெல்லுவதை நிறுத்தினார். என் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். பிறகு, எனக்காகக் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தி, முழுங்கினார்.

“இட்லிதான் ரூபி,” என்றார்.

இன்னொன்று எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அதைப் பிட்டார். நான் கண்ணை எடுக்கவில்லை.